சீழ் பிடித்தும் வலிக்காத கை

1912-ஆம் ஆண்டு, சிகாகோ நகரத்து அறுவை மருத்துவர் ஆலன் கேனவெல், கையில் உண்டாகும் சீழ்நோய்களுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். பென்சிலின் மருந்துக்கடைக்கு வர இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன. முள் குத்திய விரல், நகச்சுற்று, கத்தி கீறிய கட்டைவிரல் என்று சாதாரணமாகத் தொடங்கும் ஒரு காயம் சில நாளில் கையையே பறித்துவிடும். சில வேளை ஆளையும் கொண்டுபோய்விடும். சீழ் எந்த வழியாக மேலே ஏறுகிறது என்று அறிய, இறந்தவர்களின் கைகளில் திரவத்தைச் செலுத்தி, அது ஓடும் தடத்தைக் கேனவெல் பின்தொடர்ந்தார்.

விரலை மடக்கும் தசைநாண்கள் வழுவழுப்பான உறைகளுக்குள் ஓடுகின்றன. சுண்டுவிரலின் உறை பலருக்கு உள்ளங்கை வழியாக மணிக்கட்டு வரை நீள்கிறது. கட்டைவிரலின் உறையும் அப்படியே. மணிக்கட்டருகே இரண்டும் நெருங்கி நிற்கின்றன. ஓர் உறையில் பிடித்த சீழ் மற்றொன்றுக்குத் தாவலாம். அங்கே உடைத்துக்கொண்டு முன்கையின் ஆழத்தில், தசைகளுக்கு அடியில் உள்ள இடைவெளிக்குப் போகலாம். இத்தாலிய மருத்துவர் பரோனா 1876-இல் விவரித்த இடைவெளி அது. அங்கே தேங்கும் சீழ் வெளியே தெரியாது.

உறைக்குள் சீழ் பிடித்துவிட்டதா என்பதைக் கண்டறிய நான்கு குறிகள் கேனவெல் பெயரால் இன்றும் கற்பிக்கப்படுகின்றன. விரல் பாதி மடங்கியே நிற்கும். விரல் முழுவதும் ஒரே சீராக வீங்கும். உறை ஓடும் வழியைத் தொட்டால் வலிக்கும். மடங்கிய விரலை நீட்டினால் நோயாளி துடித்துப்போவார்.

இந்த நான்கு குறிகளையும் தொழுநோயால் உணர்விழந்த கையில் வைத்துப் பார்த்தால் ஆபத்தின் அளவு புரியும். தொட்டால் வலி என்ற குறி இல்லை. நீட்டினால் வலி என்ற குறியும் இல்லை. விரலோ முன்பே மடங்கித்தான் கிடக்கிறது. அதை வைத்தும் எதுவும் சொல்ல முடியாது. மிஞ்சுவது வீக்கம் ஒன்றுதான். அந்த வீக்கத்தோடும் நோயாளி மண்வெட்டி பிடிப்பார், தண்ணீர் இறைப்பார், விறகு பிளப்பார். ஒவ்வொரு முறை விரல் மடங்கும்போதும் தசைநாண் உறைக்குள் முன்னும் பின்னும் ஓடி, சீழை மேலே தள்ளும்.

பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் தொழுநோயாளிகளின் கையில் கண்ட அழிவின் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். ஆனால் பார்த்தவர்கள் அதை அப்படிப் புரிந்துகொள்ளவில்லை. நோயே சதையைத் தின்கிறது, விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்று நம்பினார்கள். ஊராரும் நம்பினார்கள், நோயாளிகளும் நம்பினார்கள், மருத்துவர்களில் பெரும்பாலோரும் நம்பினார்கள். தானாக உதிரும் விரலுக்கு யார் மருத்துவம் பார்ப்பார்கள்? அந்த நம்பிக்கை உடைந்த கதையின் பெரும்பகுதி தமிழ் மண்ணில், செங்கல்பட்டிலும் வேலூரிலும் கரிகிரியிலும் நடந்தது.

குளிர்ந்த இடம் தேடும் கிருமி

தொழுநோய்க் கிருமியை 1873-இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் கெர்ஹார்ட் ஆர்மவர் ஹான்சன் கண்டறிந்தார். காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமி இது. ஆனால் மிக மெதுவாகப் பெருகுவது. ஒன்று இரண்டாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது. ஆகவேதான் தொற்றியதற்கும் முதல் தேமல் தெரிவதற்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

இக்கிருமிக்கு உடலின் உட்சூடு ஒத்துவருவதில்லை. தோல், மூக்கு, காது மடல், கண்ணின் முன்பகுதி, தோலை ஒட்டி ஓடும் நரம்புகள் ஆகிய குளிர்ந்த இடங்களில்தான் அது நன்கு பெருகுகிறது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது போலச் சுரீரென்று ஓடுமே, அந்த நரம்பு முழங்கைக்குப் பின்னால் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. தொழுநோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது அதைத்தான். அடுத்து மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தோலை நெருங்கி வரும் நடு நரம்பு.

நரம்பு வீங்கி நசுங்கும்போது மூன்று இழப்புகள் நேர்கின்றன. முதலாவது உணர்வு: சூடும் குளிரும் தெரியாமல் போகும், வலி போகும், பிறகு தொடுகையும் போகும். இரண்டாவது தசை: உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து, மோதிரவிரலும் சுண்டுவிரலும் கொக்கிபோல் மடங்கும், நடு நரம்பும் போனால் கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட முடியாமல் பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். மூன்றாவது வியர்வை. இதைப் பலரும் கவனிப்பதில்லை. வியர்க்காத தோல் காய்ந்து வறண்டு, விரல் மடிப்புகளில் வெடிக்கும். சீழ்க் கிருமிக்கு அந்த வெடிப்பே வாசல்.

மடங்கிய விரல் எதைப் பிடித்தாலும் உள்ளங்கை முழுவதும் பரவவேண்டிய அழுத்தம் விரல் நுனிகளில் மட்டும் விழுகிறது. காய்ப்பு உண்டாகிறது, காய்ப்பின் அடியில் இரத்தம் கட்டுகிறது, பிறகு புண். தோலில் சாதாரணமாகக் குடியிருக்கும் கிருமிகள் அங்கே நுழைகின்றன. சீழ் பிடித்து விரல் முனையின் எலும்பை எட்டினால் எலும்பு செத்துப்போகும். செத்த எலும்புச் சில் ஒன்று புண்ணின் வழியே வெளியே வரும். வீட்டார் அதைக் கண்டு நடுங்கிப்போவார்கள்: விரல் உதிர்கிறது!

உண்மையில் விரல் உதிரவில்லை என்பதற்குச் சான்று நோயாளியின் கையிலேயே இருந்தது. கட்டையாகக் குறுகிப்போன விரல்கள் பலவற்றின் முனையில் ஒரு சிறு நகம் எஞ்சியிருக்கும். விரல் நுனி அழுகி விழுந்திருந்தால் நகமும் போயிருக்கவேண்டும். எலும்பு உள்ளிருந்து கரைந்தும் துண்டு துண்டாக வெளியேறியும் குறைந்ததால், நுனித் தோல் நகத்தோடு பின்வாங்கி வந்திருக்கிறது. நூற்றாண்டுகளாகக் கண்முன் இருந்த சான்று அது.

திருமணியில் ஒரு கைகுலுக்கல்

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. அங்கே பல ஆண்டுகள் பணியாற்றியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் காக்ரேன். தோல்நோய் வல்லுநர், தொழுநோயில் உலகமே கேட்கும் பெயர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தவர். அவர் அழைப்பின் பேரில் 1946-இல் இங்கிலாந்திலிருந்து வேலூருக்கு வந்தார் பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர்.

பிராண்டுக்கு இது அயல்நாடு அல்ல. 1914-இல், கொல்லிமலையில் பணியாற்றிய ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற மதப்பணியாளர் தம்பதிக்குப் பிறந்தவர். ஒன்பது வயது வரை மலைப் பிள்ளைகளோடு மரமேறித் திரிந்தவர். இங்கிலாந்தில் படிப்பை முடித்தபின் மருத்துவத்துக்குப் போகாமல் முதலில் கட்டடத் தொழிலும் தச்சும் கற்றார். உளி, சுத்தியல், ரம்பம் மூன்றும் கைக்குப் பழகியபின்தான் அறுவைக் கத்தியைப் பிடித்தார். கருவியைப் பிடிக்கும் கை என்ன பாடுபடுகிறது என்று அவருக்கு நன்கு தெரிந்திருந்ததற்கு இந்தத் தொழிற்பயிற்சிதான் காரணம்.

1947-இல் அவர் திருமணிக்குப் போனார். வளாகத்தில் நடந்தபோது நோயாளிகளின் மடங்கிய விரல்களே கண்ணில் பட்டன. இந்தக் கைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று காக்ரேனைக் கேட்டார். தோலைப் பற்றிக் கேட்டால் தாம் சொல்லமுடியும் என்றும், எலும்பும் தசையும் அறிந்த அறுவை மருத்துவர்கள்தாம் இந்நோயாளிகளைத் திரும்பியும் பார்ப்பதில்லை என்றும் காக்ரேன் பதில் சொன்னார். போலியோ பாதித்தவர்களைவிடக் கூடுதலான பேரின் கைகளை முடக்கிய நோய்க்கு ஓர் எலும்பியல் மருத்துவர்கூட முன்வரவில்லை என்ற ஆதங்கம் அவருக்கு இருந்தது.

பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். செயலற்ற கை என்று எண்ணியே கொடுத்தார். நோயாளியின் நகங்கள் அவர் தோலில் புதைந்தன. வலியில் அவர் நிமிர்ந்து பார்க்க, அந்த மனிதர் சிரித்துக்கொண்டு நின்றார். தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பிடியிலிருந்து பிராண்ட் இரண்டு செய்திகளை அறிந்தார். முடங்கிய கைக்குள் வலுவான தசைகள் உயிரோடு இருக்கின்றன. அந்த வலுவைக் கட்டுப்படுத்த வலி என்ற காவல் இல்லை.

பின்னர் திருமணியில் ஒரு நோயாளி இறந்த செய்தி வந்ததும், பிராண்டும் உடன் பணியாற்றியோரும் வேலூரிலிருந்து இரவோடு இரவாகக் காரில் கிளம்பிப்போய் உடற்கூறாய்வு செய்தார்கள். தோள் முதல் விரல் வரையிலான நரம்புகளைத் திறந்து பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. முழங்கைக்குச் சற்று மேலே வீக்கம்; மணிக்கட்டுக்குச் சற்று மேலே வீக்கம்; காலில் முழங்காலருகிலும் கணுக்காலருகிலும் அதேபோல. ஆழத்தில் ஓடும் இடங்களில் நரம்பு நல்லபடியாக இருந்தது. அதாவது முன்கையின் பெரிய தசைகளில் பல பிழைத்திருந்தன. அவற்றின் தசைநாண்களை எடுத்து, செயலிழந்த சிறு தசைகளின் வேலையைச் செய்யவைக்கலாம்.

அமெரிக்கரான ஸ்டெர்லிங் பனெல் போர்க்காயங்களுக்கும் விபத்துகளுக்கும் கையாண்ட தசைநாண் மாற்று முறைகள் அப்போது நூல்வடிவில் கிடைத்தன. அவற்றைத் தொழுநோயாளியின் கையில் முதன்முதலாக முறைப்படி செய்து பார்த்த இடம் வேலூர். 1948 முதல் அறுவைகள் தொடங்கின. முதலில் எளிதாக இல்லை. தொழுநோயாளிகளைப் பொது மருத்துவமனையில் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தது. அந்தச் சதையில் தையல் போட்டால் ஆறாது என்ற எண்ணமும் இருந்தது. தையல் ஆறியது. மற்றவர்களின் கையில் ஆறுவது போலவே ஆறியது.

சீழ் முந்திக்கொண்டால்

அறுவை வெற்றிகரமாக நடக்கத் தொடங்கியதும் மற்றோர் உண்மை முகத்தில் அறைந்தது. சீழ் ஒருமுறை புகுந்து போன விரலில் இந்த அறுவைகளைச் செய்யமுடியவில்லை. உறைக்குள் பிடித்த சீழ் தசைநாணைச் சுற்றிலும் ஒட்டிப் பிணைத்துவிடும். சில நாளிலேயே அதன் இரத்த ஓட்டம் நின்று, நாண் வெளுத்த நார்போல் செத்துப்போகும். மூட்டுக்குள் சீழ் நுழைந்திருந்தால் மூட்டு இறுகி அசையாது. முன்கைக்கு ஏறியிருந்தால், எந்தத் தசைகளை நம்பி மறுசீரமைப்பு நடக்கவேண்டுமோ அவையே அழிந்திருக்கும். நரம்புச் சேதத்தைத் தசைநாண் மாற்றி ஓரளவு சரிக்கட்டலாம். சீழ் செய்த சேதத்துக்குச் சரிக்கட்ட வழியில்லை.

ஆகவே சீழைத் தடுப்பதே முதல் வேலை என்றாயிற்று. அதற்குக் காயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவேண்டும்.

1951-இல் வேலூர் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு எழுந்தது. அதற்கு ஒரு வேதனையான காரணம் உண்டு. அறுவையில் கை நேரான சிலர் திரும்பி வந்து, இந்தக் கையைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை, தொழுநோயாளி என்பதால் வேலையும் தருவதில்லை என்று முறையிட்டார்கள். கையைத் திருத்தினால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு ஒரு தொழிலும் வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. மண்குடிசைகளில் தங்கிய இளைஞர்களுக்குத் தச்சு கற்பிக்கப்பட்டது. மரப் பொம்மைகள் செய்தார்கள். தச்சு தெரிந்த பிராண்டே அவர்களோடு உட்கார்ந்தார்.

அங்கே ஒரு வழக்கம் ஏற்பட்டது. தினமும் கைகளைச் சோதிப்பார்கள். புதிதாக ஒரு கொப்புளமோ கீறலோ தெரிந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் வரை விடுவதில்லை. சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியது, ரம்பத்தின் பிடியில் துருத்திய ஆணி, சுத்தியலை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்தது என்று ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் அகப்பட்டது. நோய் தானாகப் புண்ணாக்கியது என்று ஒதுக்கவேண்டிய காயங்கள் நாளாக நாளாகக் குறைந்துகொண்டே வந்தன.

ஒருநாள் கிடங்கின் துருப்பிடித்த பூட்டைத் திறக்கப் பிராண்ட் முயன்றார்; சாவி திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். இவ்வளவு பலமா என்று வியந்து பார்த்தால் தரையில் இரத்தத் துளிகள். சாவியின் விளிம்பு விரலை எலும்பு தெரியும் அளவுக்குக் கிழித்திருந்தது. சிறுவனுக்கு அது தெரியவே இல்லை. வலி உள்ள விரல் பாதித் திருகிலேயே நின்றிருக்கும்.

இரவில் படுக்கும்போது நன்றாக இருந்த விரலின் ஒரு பகுதி காலையில் காணாமல் போவதும் உண்டு. விரல் உதிர்கிறது என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா? இரவெல்லாம் காவல் இருந்து பார்த்ததில் உண்மை வெளிப்பட்டது: உணர்வற்ற விரலை எலி கடித்துத் தின்றுகொண்டிருந்தது. அதன்பின் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனைக்குட்டிகள் கொடுத்து அனுப்பினார்கள்.

கருவிகளும் மாறின. பிடிகள் தடிமனாக்கப்பட்டன, அழுத்தம் உள்ளங்கை முழுவதும் பரவும்படி வடிவமைக்கப்பட்டன. அடுப்படியில் வெறுங்கையால் எதையும் தொடாமல் துணியால் பிடிக்கப் பழக்கினார்கள். வறண்ட கையைத் தண்ணீரில் ஊறவைத்து, காய்ப்பை மெல்லத் தேய்த்து, ஈரம் காயும் முன் எண்ணெய் தடவும் முறை பரவியது. எண்ணெய்க் கிண்ணமும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். தோல் வெடிக்காவிட்டால் கிருமிக்கு வாசல் இல்லை.

ஓய்வு என்ற மருந்து

இத்தனைக்குப் பிறகும் சீழ் பிடித்து வருபவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கான முறையும் மெல்ல உருவாயிற்று.

சாதாரண மனிதருக்கு விரலில் சீழ் பிடித்தால் அவர் கையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். யாரையும் தொடவிடமாட்டார். இரவெல்லாம் தலையணைமேல் கையை உயர்த்தி வைத்திருப்பார். வலி அவரை அப்படி இருக்கவைக்கிறது. அந்த அசைவின்மையே பாதி மருத்துவம். தொழுநோயாளிக்கு இந்த ஓய்வை வெளியிலிருந்துதான் தரவேண்டும். பட்டையோ மாவுக்கட்டோ வைத்து மணிக்கட்டையும் விரல்களையும் அசையாமல் நிறுத்தினார்கள். கையைத் தூக்கிக் கட்டினார்கள். சீழ் கட்டியிருந்தால் தாமதிக்காமல் கீறி வெளியேற்றினார்கள். பல விரல்களில் மயக்க மருந்து இல்லாமலேயே இதைச் செய்ய முடிந்தது. செத்த எலும்பை மட்டும் எடுத்து, உயிருள்ள ஒவ்வோர் அங்குலத்தையும் காத்தார்கள். கட்டைவிரலில் அரை அங்குலம் மிஞ்சினாலும் ஒரு மனிதர் சோறு பிசைந்து உண்ண முடியும்; வெட்டி எறிந்துவிட்டால் முடியாது.

ஆறாத புண்ணை அசையாமல் கட்டிவைத்தால் ஆறும் என்பதைக் காலில் முன்பே கண்டவர்கள் இருந்தார்கள். கொழும்பின் தமிழ் அறுவை மருத்துவர் மில்ராய் பால் 1930-களில் பாதப் புண்களுக்கு மாவுக்கட்டு போட்டு ஆற்றினார். அந்த முறை இந்தியத் தொழுநோய் மருத்துவமனைகளில் வளர்ந்து, பின்னாளில் பிராண்ட் வழியாக அமெரிக்காவுக்குச் சென்று, இன்று உலகெங்கும் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் காக்கிறது.

1955-இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் ஷெஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி மையம் உருவானது. அதே ஆண்டு திருமணி மருத்துவமனையை மத்திய அரசு ஏற்று, தொழுநோய்க்கான நடுவண் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. இந்த இடங்களில் பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் பல நாடுகளுக்குப் போனார்கள். வேலூரில் பிராண்டுக்குப் பின் எலும்பியல் துறையை வளர்த்த செல்வபாண்டியன், கரிகிரியின் எர்னஸ்ட் ஃபிரிட்சி ஆகியோர் அந்த வரிசையில் முதன்மையானவர்கள். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்தார். கை அறுவைக்கு மருத்துவர் உட்கார்ந்திருந்தாலே போதும் என்று அவரை இத்துறைக்கு அழைத்துவந்தவர் பிராண்ட். பின்னர் வேலூரின் மறுவாழ்வு மருத்துவத் துறையை மேரி வர்கீஸ்தான் கட்டியெழுப்பினார்.

இரண்டு பகைகள் ஒரே முகத்தில்

தொழுநோய்க் கையில் வரும் வீக்கம் எல்லாம் சீழ் அல்ல. உடலின் எதிர்ப்பாற்றல் கிருமிக்கு எதிராகத் திடீரெனக் கொந்தளிக்கும்போது கை சிவந்து, சூடேறி, உப்பிக்கொள்ளும், காய்ச்சலும் வரும். மருத்துவர்கள் இதை ‘ரியாக்‌ஷன்’ என்கிறார்கள். இதற்கு ஸ்டீராய்டு கொடுக்கவேண்டும். தாமதித்தால் நரம்பு போய்விடும். ஆனால் உள்ளே இருப்பது சீழாக இருந்து ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால், உடலின் எதிர்ப்பு அடங்கி, சீழ்க் கிருமி கட்டற்றுப் பரவும். ஒரே மாதிரி தோன்றும் இரண்டு கைகள். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு நஞ்சு. நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குச் சீழ் பிடித்தாலும் வீக்கமும் காய்ச்சலும்கூடக் குறைவாகவே தெரியும் என்பது இன்னொரு சிக்கல்.

சீழ்த்தொற்றுகளில் கொடியது, தோலுக்கும் தசைக்கும் இடையிலுள்ள உறைத் திசுவை மணிக்கணக்கில் அழித்துக்கொண்டே ஏறும் தொற்று. 1924-இல் பீக்கிங்கில் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் ஃபிராங்க் மெலனி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் இது நேர்வதை விரிவாக எழுதினார். பீக்கிங் நோயாளிகளுக்கும் தொழுநோய்க்கும் தொடர்பில்லை; நோயின் போக்குதான் இங்கே பொருந்துகிறது. வெளித்தோல் பார்க்க ஓரளவு நன்றாகவே இருக்கும். அடியில் திசு செத்துக்கொண்டிருக்கும். தோலில் தெரிவதைவிடப் பல மடங்கு வலி இருப்பதுதான் மருத்துவரை உஷார்ப்படுத்தும் முதல் அடையாளம். வலியே அறியாத கையில் அந்த எச்சரிக்கை கிடைக்காது. தோல் கறுத்து, கொப்புளம் கிளம்பி, நோயாளி மயங்கும் நிலையில்தான் கொண்டுவருவார்கள். செத்த திசு முழுவதையும் உடனே வெட்டி அகற்றுவதும், சிரை வழி மருந்தும் தவிர வேறு வழியில்லை. சில சமயம் உயிரைக் காக்கக் கையை இழக்கவேண்டியிருக்கும்.

1966-இல் பிராண்ட் இந்தியாவை விட்டு அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே அவர் குழு ஒரு துணிச்சலான முயற்சியில் இறங்கியது: வலிக்கு மாற்றாக ஒரு கருவி. கையுறையில் உணரிகளைப் பொருத்தி, அழுத்தம் மிகும்போது ஒலியோ அதிர்ச்சியோ எழும்படி செய்தார்கள். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. அதிர்ச்சி வரும் என்று தெரிந்தால் கருவியை அணைத்துவிட்டு வேலையை முடித்தார்கள். பல ஆண்டுகள், பெரும் பணம் செலவிட்டபின் அந்த முயற்சி கைவிடப்பட்டது. வலியின் இடத்தை நிரப்ப அன்றாடக் கவனிப்பைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை.

மருந்து முடிந்தபின்

தென்னிந்தியாவில் ஒருகாலத்தில் நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போட்டதைத் தவிர இந்நோய்க்கு வேறு மருந்து இல்லை. 1941-இல் கார்வில் மருத்துவமனையில் சல்ஃபோன் வகை மருந்து பலன் தந்தது. 1940-களின் பிற்பகுதியில் காக்ரேன் அதைச் செங்கல்பட்டில் பயன்படுத்தினார். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 1981-இல் இந்தியாவில் பத்தாயிரம் பேருக்கு 57.6 என்று கணக்கிடப்பட்ட நோயாளிகள் விகிதம், 2005 டிசம்பரில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. நோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டின் சட்டம் 2016-இல் ரத்தானது. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் காட்டும் பிரிவுகள் 2019-இல் நீக்கப்பட்டன.

இவை பெரிய வெற்றிகள். ஆனால் மாத்திரை கிருமியைக் கொல்கிறது. செத்த நரம்பை அது மீட்பதில்லை. தாமதமாக மருந்து தொடங்கியவர் முழுக் குணமடைந்து, யாருக்கும் தொற்றாத நிலையில், உணர்வற்ற கையோடு வாழ்நாள் முழுதும் இருப்பார். பதிவேட்டில் அவர் குணமானவர். கணக்கிலிருந்து பெயர் நீங்கிவிடும். அவருடைய விரலில் நாளை பிடிக்கப்போகும் சீழ் எந்தக் கணக்கிலும் வராது. இந்தியாவில் இன்னும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேரிடம் புதிதாக நோய் கண்டறியப்படுகிறது. உலகக் கணக்கில் பாதிக்கு மேல் இது. நோய் ஒழிந்துவிட்டது என்ற எண்ணத்தில் தொழுநோய் அறிந்த மருத்துவர்களின் எண்ணிக்கையைக் குறையவிடுவது இவர்களுக்குச் செய்யும் அநீதி.

நவஜீவ நிலையத்து இளைஞர்கள் அன்று கற்றதை இன்று உணர்வற்ற கையுள்ள ஒவ்வொருவரும், அவர் வீட்டாரும் பின்பற்றலாம். தினமும் வெளிச்சத்தில் இரு கைகளையும் பாருங்கள். ஊறவைத்து எண்ணெய் தடவுங்கள். வலிக்கவில்லை என்பதற்காகக் காயத்தைச் சிறிதென்று எண்ணாதீர்கள். விரல் வீங்கினாலோ, ஒரு கை மற்றதைவிடச் சூடாக இருந்தாலோ, அக்குளில் நெறி கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கையை அசைக்காமல் உயர்த்திக் கட்டி அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உடலில் எங்காவது தொட்டால் உணர்ச்சியில்லாத தேமல் தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ எடுக்கவேண்டிய மருந்து அங்கே இலவசம். நரம்பு சாகும் முன் அந்த மருந்தைத் தொடங்கியவரின் விரல்கள் முழுதாக இருக்கும்.